குழந்தைப் போராளி அல்ல, சிறார் படையாள்

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் உள்நாட்டுப் போரைப் பற்றி சோரியஸ் சமூரா எடுத்த 'க்ரை ஃப்ரீடவுன்' ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்கள் மனம் பதறித்தான் எழுதுகிறார்கள். 1999 ஜனவரி 6 அன்று கிளர்ச்சிப்படை தலைநகர் ஃப்ரீடவுனுக்குள் புகுந்த நாட்களின் காட்சிகள் அவை. ஆனால் அந்தப் பதற்றத்துக்கு நடுவே, ஆங்கிலத்தின் 'சைல்ட் சோல்ஜர்ஸ்' என்பதற்குத் தமிழாக 'குழந்தைப் போராளிகள்' என்ற தொடர் வந்து விழுகிறது. வசனவரிகளிலும் செய்திகளிலும் இதே தொடர்தான். இது பிழை.

ஆங்கிலத்தில் சோல்ஜர் என்ற சொல் 'சாலிடஸ்' என்ற ரோமானியப் பொற்காசின் பெயரிலிருந்து வந்தது. காசு வாங்கிப் போரிடுபவர் என்பது மூலப்பொருள். கொள்கைக்கும் வீரத்துக்கும் அதில் இடமில்லை.

தமிழில் போராளி அப்படியா? ஆளி என்றால் உடையவர். நோயாளிக்கு நோய் சொந்தம், கடனாளிக்குக் கடன் சொந்தம், போராளிக்குப் போர் சொந்தம். இன்றைய வழக்கில் அது பாராட்டுச்சொல்லும்கூட: சமூகப் போராளி, மொழிப் போராளி என்கிறோம். இந்தச் சொல்லைப் பத்து வயதுப் பையன் தலையில் வைப்பது எந்த நியாயம்? ஊரைக் கொளுத்திவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நெற்றிப்பொட்டின் பக்கம் பிளேடால் கீறி, கீறலில் போதைப்பொடியை அப்பி, மேலே பிளாஸ்திரி ஒட்டிச் சண்டைக்கு அனுப்பினார்கள். அந்தப் போரில் அவனுக்குச் சொந்தமானது எது? கிளர்ச்சிப்படையான புரட்சிகர ஐக்கிய முன்னணியே இவர்களை 'ஸ்மால் பாய்ஸ் யூனிட்' என்றுதான் அழைத்தது. கடத்தியவர்களே பொடியன்கள் என்றார்கள், நாம் போராளி என்கிறோம்.

'குழந்தை வீரர்' இன்னும் மோசம். 'சிறுவர் சிப்பாய்' பரவாயில்லை, ஆனால் சிப்பாய் என்றதும் சம்பளமும் சீருடையும் நினைவுக்கு வரும், சிறுமிகள் மறைந்துபோவார்கள். நான் பரிந்துரைப்பது சிறார் படையாள். ஆள் வேறு, ஆளி வேறு. கூலியாள், பண்ணையாள், அடியாள் எல்லாரும் இன்னொருவர் ஏவலில் நிற்பவர்கள். படையாளும் அப்படித்தான். சிறார் என்பது இருபாலுக்கும் பொது. பதினைந்து வயதுப் பெண்ணைத் தமிழில் யாரும் குழந்தை என்று எழுதுவதில்லை, சிறார் என்றால் உறுத்தாது. வசனவரியில் இடம் போதாது என்ற சாக்கும் செல்லாது: குழந்தைப் போராளி எட்டெழுத்து, சிறார் படையாள் ஏழெழுத்து.

பெயரைத் திருத்திவிட்டு வினையில் கோட்டைவிடும் மொழிபெயர்ப்பாளர்களும் உண்டு. 'சிறுவர்கள் படையில் சேர்ந்தனர்' என்று எழுதினால், சேர்த்தவன் தப்பிவிடுகிறான். அந்தப் போரின் குற்றங்களை விசாரிக்க ஐ.நா.வும் அந்நாட்டு அரசும் சேர்ந்து அமைத்த சியரா லியோன் சிறப்பு நீதிமன்றத்தின் சட்டம் பதினைந்து வயதுக்கு உட்பட்டோரைக் கட்டாயமாகப் பிடிப்பது, பெயர் பதிந்து சேர்ப்பது, சண்டையில் ஈடுபடுத்துவது என மூன்றையும் குற்றம் என்றது. தானாக வந்தான் என்று தளபதி தப்பிக்க வழியில்லை. 2007 ஜூன் 20 அன்று அந்த நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. சிறாரைப் படையில் சேர்த்ததற்காக ஒரு பன்னாட்டு நீதிமன்றம் வழங்கிய முதல் தண்டனைத் தீர்ப்பு அதுதான். ஆகவே 'சேர்க்கப்பட்டனர்' என்றே எழுதுங்கள். யார் சேர்த்தது என்று தெரிந்தால் அவர்களை எழுவாயாக்கி, 'முன்னணியினர் சேர்த்தனர்' என்று எழுதுவது இன்னும் நல்லது.

படையாள் என்றால் சமைத்தவளும் சுமை தூக்கியவனும் வேவு பார்த்தவனும் அடங்குவார்கள். சிறார் படையாட்கள் பற்றிய பன்னாட்டு வழிகாட்டுதலான 2007இன் பாரிஸ் கோட்பாடுகள் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட இவர்கள் அனைவரையும் சேர்த்துத்தான் கணக்கெடுக்கின்றன. போராளி என்றால் துப்பாக்கி பிடித்தவன் மட்டுமே கண்ணில் நிற்பான். 2002இல் முடிந்த அந்தப் போருக்குப் பிறகு படையினர் ஆயுதங்களை ஒப்படைத்து உதவி பெற்ற ஆயுதக் களைவு முகாம்களிலும் இதுதான் நடந்தது. ஒப்படைக்கத் துப்பாக்கி இல்லாததால், தளபதிகள் 'மனைவி' என்று வைத்திருந்த சிறுமிகள் பலர் உதவி எதுவும் பெறாமல் வெளியே நின்றார்கள்.