கைவினை பீர் அல்ல, சிற்றாலை பீர்

பயணக் கட்டுரைகளிலும் உணவுப் பக்கங்களிலும் ‘கைவினை பீர்’ என்ற சொல் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. டென்வர் பீர் திருவிழாவைப் பற்றி எழுதினாலும் சரி, பெங்களூர் இந்திராநகர் பார்களைப் பற்றி எழுதினாலும் சரி, கிராஃப்ட் பீர் என்று வருகிற இடமெல்லாம் கைவினைதான். பெரு நிறுவனப் பிடியில் இல்லாத சின்ன ஆலைகளின் பீருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். சொல் பிழையானது என்பதோடு, படிப்பவர் மனத்தில் தவறான படத்தையும் பதிய வைக்கிறது.

வேரை முதலில் பார்த்துவிடலாம். கிராஃப்ட் என்பது பழைய ஆங்கிலத்தில் வலிமை, திறமை என்ற பொருளில் வழங்கிய சொல். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல்லுக்கு இன்றும் வலிமை என்றே பொருள். ஆங்கிலத்தில் அது தொழில்தேர்ச்சி, தொழில் என்று நகர்ந்தது. அதில் ‘கை’ கிடையாது. கை வேண்டுமென்றால் முன்னால் தனியாகச் சேர்த்து ஹேண்டிகிராஃப்ட் என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குத்தான் நாம் கைவினை என்று வைத்தோம், பொருத்தமாகவே வைத்தோம். ஹேண்டிகிராஃப்டுக்கு உரியதைக் கிராஃப்டுக்கு மாட்டியதில் தொடங்கியது வினை.

கைவினை என்றதும் நமக்குத் தோன்றுவது பத்தமடைப் பாய், சுவாமிமலைச் சிலை, செட்டிநாட்டு ஓலைக்கொட்டான். கை பொருளைத் தொட்டுத் தொட்டு உருவாக்குகிறது. ஒன்றைப் போல இன்னொன்று இராது, அதுவே அதன் பெருமை. பீரில் நடப்பது நேர்மாறு. சொந்தமாகப் பீர் தயாரிக்கும் பாரில் உட்கார்ந்தால் கண்ணாடிக்கு அப்பால் ஆளுயர எஃகுத் தொட்டிகள் தெரியும். முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, 65 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் ஒரு மணி நேரம் போல ஊறவைக்கிறார்கள். இனிப்பேறிய சாற்றைப் பிரித்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, விரைவாகக் குளிரவைத்து ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஏல் வகை என்றால் 20 டிகிரியை ஒட்டி, லாகர் என்றால் 10 டிகிரியை ஒட்டி நொதிக்கவிடுவது வழக்கம். கொதித்து ஆறிய சாற்றில் கை படக் கூடாது. பட்டால் வேறு கிருமி புகுந்து தொட்டி முழுக்கப் புளித்துப்போகும். சாறு எடுத்த தானியச் சக்கையைச் சில இடங்களில் ஆள் நின்று மண்வாரியால் வாரி வெளியேற்றுவது உண்மைதான். ஆனால் சக்கை வாருவதை வைத்து ஒரு பானத்துக்குப் பெயர் சூட்ட முடியாது.

அப்படியானால் கிராஃப்ட் பீரைப் பிரித்துக் காட்டுவது எது? ஆலையின் அளவும் உரிமையும். சான்பிரான்சிஸ்கோவில் மூடும் நிலைக்கு வந்த ஆங்கர் ஆலையை 1965-இல் ஃபிரிட்ஸ் மேடாக் வாங்கி நிமிர்த்தினார். 1976-இல் கலிஃபோர்னியாவின் சொனோமாவில் ஜாக் மெக்காலிஃப் நியூ ஆல்பியன் ஆலையைத் தொடங்கினார். 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வீட்டில் பீர் தயாரிப்பதற்கு நடுவண் அரசு வைத்திருந்த தடையை நீக்கியது. வீட்டில் பழகியவர்கள் பலர் பிறகு ஆலை வைத்தார்கள். ஒரே மாதிரி வெளிறிய லாகரை நாடு முழுக்க ஊற்றிக்கொண்டிருந்த பெரு நிறுவனங்களுக்கு மாற்றாக எழுந்தவர்கள் இவர்கள். அமெரிக்கப் பீர் தயாரிப்பாளர் சங்கத்தின் வரையறையும் அதையே சொல்கிறது: ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய்க்கு மிகாத உற்பத்தி, கிராஃப்ட் அல்லாத மது நிறுவனத்தின் பங்கு 25 சதவீதத்துக்குக் கீழே. கை எங்கேயாவது வருகிறதா?

சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையை 2011-இல் பெரிய பீர் நிறுவனமான ஆன்ஹைசர்-புஷ் வாங்கியது. அன்றோடு அது அந்த வரையறைக்கு வெளியே போய்விட்டது. வாங்கிய மறுநாளும் அதே தொட்டி, அதே ஆட்கள், அதே பீர். கைவினை என்று பெயர் வைத்தவர் இந்த மாற்றத்தை எந்தச் சொல்லால் சொல்வார்?

நான் முன்வைப்பது ‘சிற்றாலை பீர்’. இதற்குச் சிற்றிதழ் நல்ல துணை. சிற்றிதழ் என்றால் அளவில் சின்னத் தாள் என்று தமிழ் வாசகர் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. சி.சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ தொடங்கினாரே, அந்த வகை: பெரிய முதலாளி பின்னால் இல்லை, செய்பவரின் ரசனையே ஆசிரியர், சோதனைக்கு அஞ்சாது. சிற்றாலையும் அப்படித்தான். ஆலை என்பதும் கரும்பு பிழிந்த காலத்திலிருந்து நம்மிடம் உள்ள சொல். நூற்பாலை, அரிசி ஆலை என்று எதனோடும் சேரும்.

60 லட்சம் பீப்பாய் என்றால் ஏறக்குறைய 70 கோடி லிட்டர், அது எப்படிச் சிறிது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் அந்தச் சங்கமே ‘சிறிய’ என்றுதான் எழுதியிருக்கிறது, சொல்லை அவ்வளவு தூரம் இழுத்தவர்கள் அவர்கள்தான். எண்ணிக்கையில் மிகப் பெரும்பாலானவை உண்மையிலேயே சின்ன ஆலைகள்தான். நம் நாட்டிலோ இவை மைக்ரோபிரூவரி என்ற உரிமத்தில் நடப்பவை. சிற்றாலை அதற்கும் அப்படியே பொருந்தும். ‘நுண் மதுவடிப்பகம்’ என்று யாரும் சிரமப்பட வேண்டாம். அதில் வடிப்பு வேறு தவறு. வடிப்பது சாராயம், விஸ்கி, ரம் எல்லாம் அந்த வழி. பீர் நொதித்து விளைவது. இந்த வேறுபாடு தமிழுக்குப் புதிதும் அல்ல. பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கூழை ஆற்றி, முளைத் தானியம் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து ‘விளைந்த’ கள் வருகிறது. வீட்டில் செய்ததை ‘இல்லடு கள்’ என்கிறது. அடுதல், விளைதல் என்ற வினைகளை வைத்திருந்தவர்கள் நாம்.

பீர் என்பதை ஏன் விட்டுவைத்தாய் என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். வாற்கோதுமை என்பது பார்லி. ‘வாற்கோதுமைக் கள்’ என்றால் ஜெர்மனியின் பவேரியாவில் குடிக்கும் கோதுமை பீரை எங்கே வைப்பது? பீர் எல்லார் வாயிலும் இருக்கிறது, குழப்பம் தரவில்லை, இருக்கட்டும். தூய்மையை விடத் தெளிவு எனக்கு முக்கியம். கைவினை தூய தமிழ்தான், தெளிவுதான் இல்லை.

இந்தக் குழப்பம் ஒரு சொல்லோடு நிற்கவில்லை. டிராஃப்ட் பீர் ‘வரைவு பீர்’ ஆகிறது, ஏதோ சட்டமன்றத்தில் வைக்கப்போவது போல. அது பீப்பாயிலிருந்து குழாயில் பிடித்துத் தருவது. ‘குழாய் பீர்’ போதும். நாலைந்து வகையைச் சின்னக் கோப்பைகளில் ஒரு பலகையில் வைத்துத் தருவதை ஆங்கிலத்தில் ஃபிளைட் என்பார்கள். அதை ‘பீர் விமானம்’ என்று படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ‘சுவைத்தட்டு’ என்றால் யாருக்கும் புரியும். மேலே நிற்கும் நுரையைத் ‘தலை’ என்றும், வாயில் உணரும் கெட்டித்தன்மையை ‘உடல்’ என்றும் எழுதுகிறார்கள். எழுதியவர் அந்தக் கோப்பையை மனத்திலாவது ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

உணவோடு சேர்த்துக் குடிப்பதை ‘உணவு இணைத்தல்’ என்கிறார்கள், இயந்திர பாகத்தை மாட்டுவது போல. ‘உணவுப் பொருத்தம்’ என்று சொல்லலாமே. ஸ்டவுட் என்ற கறுத்த பீரின் வறுத்த காப்பிக் கசப்புக்கு சாக்லேட் கேக் பொருந்துகிறது, அதே ஸ்டவுட் உப்புக் கரிக்கும் சிப்பிக்கும் பொருந்துகிறது. முன்னது ஒப்புப் பொருத்தம், பின்னது முரண் பொருத்தம். மியூனிக்கில் காலையில் வெள்ளைச் சாசேஜோடு கோதுமை பீர் வைப்பார்கள். மிளகாய்க் காரமான கறிக்குக் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற கசப்பு மிகுந்த பீரை எடுத்தால் எரிச்சல் கூடத்தான் செய்யும். மெல்லிய இனிப்புள்ள பீர் அதைத் தணிக்கும். இவ்வளவையும் ‘பொருந்துகிறது’, ‘பொருந்தவில்லை’ என்று எழுதிவிட முடிகிறது.