கன்வென்ஷன்: வேட்பாளர் தேர்வு மாநாடு

கன்வென்ஷன் என்ற சொல்லுக்கு மரபு, உடன்படிக்கை, மாநாடு என மூன்று பொருள் உண்டு. ஜெனீவா கன்வென்ஷன் உடன்படிக்கை. அமெரிக்கக் கட்சிகள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டும் கன்வென்ஷன், அதிபர் வேட்பாளரை முறைப்படி நிறுத்தும் கூட்டம். வேர் ஒன்றுதான்: ஒன்றாக வந்து கூடுவதைக் குறிக்கும் லத்தீன் வினை. கூடியது மாநாடு, கூடி ஒப்புக்கொண்டது உடன்படிக்கை, ஒப்புக்கொண்டது நாளடைவில் பழகிப்போனால் மரபு.

அமெரிக்கக் கூட்டத்தையும் நம் பத்திரிகைகள் 'மாநாடு' என்றே எழுதுகின்றன. தவறில்லை, ஆனால் போதாது. நம் ஊர்க் கட்சி மாநாடு தொண்டர்களைத் திரட்டிப் பலத்தைக் காட்டுவது. நம் மாநாட்டில் வேட்பாளர் யார் என்று யாரும் வாக்களிப்பதில்லை. ஆகவே 'வேட்பாளர் தேர்வு மாநாடு' என்பதே பொருத்தம். மாநாட்டில் வாக்களிக்கும் டெலிகேட்டுக்குப் பேராளர் என்ற நல்ல சொல் இருக்கவே இருக்கிறது. பிளாட்பார்ம் என்பது கொள்கை அறிக்கை. அதை 'மேடை' என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும்.

இந்த வழக்கத்தைத் தேசிய அளவில் தொடங்கியது ஒரு சிறிய கட்சி. 1831 செப்டம்பரில், ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தை எதிர்த்த மேசன் எதிர்ப்புக் கட்சி பால்டிமோரில் கூடி வில்லியம் விர்ட்டை அதிபர் வேட்பாளராக நிறுத்தியது. அதற்கு முன், 1824 வரை, கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களே தங்களுக்குள் கூடி வேட்பாளரை முடிவு செய்துவந்தார்கள். மறு ஆண்டு ஜனநாயகக் கட்சியும் அதே ஊரில் கூடியது. வேட்பாளராக மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று விதி வைத்தது. அந்த விதியால்தான் 1924இல் நியூயார்க்கில் 103 சுற்று வாக்கெடுப்பு நடந்தது. 1936இல் அதைக் கைவிட்டார்கள்.

சரி, இதையெல்லாம் நூலகத் தரவுத்தளங்களில் எப்படித் தேடுவது? 'டி.என்.சி.' என்று தட்டினால் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடும் வரும், அதன் தேசியக் குழுவும் வரும். இரண்டுக்கும் அதே சுருக்கம். 'பொலிட்டிகல் கன்வென்ஷன்ஸ்' என்ற பொருள் தலைப்பில் (நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்க நூலகங்கள் வைக்கும் தலைப்பு) தொடங்கினால் நூல்கள் ஒழுங்காகக் கிடைக்கும். பழைய செய்தித்தாள்களுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'கிரானிக்ளிங் அமெரிக்கா' என்ற இணையத் தொகுப்பு இருக்கிறது, இலவசம். கட்சிகளின் கொள்கை அறிக்கைகள் 1840 முதல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் 'அமெரிக்கன் பிரசிடென்சி புராஜெக்ட்' தளத்தில் உள்ளன.

செய்தித்தாளில் தேடும்போது அந்தக் காலத்து எழுத்தாளன் எழுதியிருக்கும் சொல்லைத்தான் தேட வேண்டும். எடுத்துக்காட்டாக, 1860 மே மாதம் சிகாகோவில் குடியரசுக் கட்சி கூடியது. முதல் சுற்றில், லிங்கனோடு போட்டியிட்ட சீவார்டுக்கு 173½ வாக்கு, லிங்கனுக்கு 102. மூன்றாம் சுற்றில் லிங்கன் ஜெயித்தார். அப்போது சில பத்திரிகைகள் அவர் பெயரை 'ஏப்ரம் லிங்கன்' என்றே அச்சிட்டன. மாநாட்டுத் தலைவர் ஜார்ஜ் ஆஷ்மனுக்கு எழுதிய கடிதத்தில், தன் பெயர் 'ஏப்ரகாம்'தான் என்று லிங்கனே தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. அதனால் இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். அப்புறம், தேதியை அந்த மே மாதத்துக்குள் சுருக்கிக்கொள்ளுங்கள். ஸ்கேனில் எழுத்து சிதைந்து தேடலுக்குச் சிக்காத பக்கங்களும் இருக்கும். மாநாடு நடந்த நாள்களின் இதழ்களையாவது பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது.