சினாப்ஸ்: நரம்பு இணைகிறதா, சந்திக்கிறதா?

ஒரு நரம்புச் செல்லின் நுனி இன்னொரு செல்லை நெருங்கிச் செய்தியைக் கைமாற்றும் இடம்தான் சினாப்ஸ். தமிழில் எழுத வேண்டுமென்றால் 'நரம்பிணைப்பு' என்கிறார்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் இந்தச் சொல் பிறந்த கதை.

1897இல் வந்த மைக்கேல் ஃபாஸ்டரின் உடலியங்கியல் பாடநூலுக்கு நரம்பு மண்டலப் பகுதியை எழுதியவர் ஆங்கிலேய உடலியங்கியலாளர் சார்லஸ் ஷெரிங்டன். செல்கள் கூடும் அந்த இடத்துக்கு அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. முதலில் நினைத்தது 'சின்டெஸ்ம்'. கிரேக்கத்தில் கட்டு என்று பொருள். ஃபாஸ்டர் தன் நண்பரான கிரேக்க அறிஞர் வெராலைக் கேட்க, அவர் எடுத்துக்கொடுத்தது 'சினாப்ஸ்'. சின் என்றால் சேர்ந்து. ஹாப்டெய்ன் என்றால் பற்றுதல். அவர் சொன்ன காரணம் வேடிக்கையானது: இதிலிருந்து பெயரடை நன்றாக வரும். சினாப்டிக் என்பது வாயில் வழுக்கிக்கொண்டுதானே வருகிறது!

அன்றைக்கு சினாப்ஸை யாரும் கண்ணால் கண்டதில்லை. நரம்பெல்லாம் ஒட்டி ஒரே வலை என்பது இத்தாலிய ஆய்வாளர் கோல்ஜியின் கட்சி. ஒவ்வொரு செல்லும் தனி என்பது ஸ்பானிய ஆய்வாளர் கஹாலின் கட்சி. இருவருக்கும் சேர்த்தே 1906இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து, நடுவில் சுமார் 20 நானோமீட்டர் இடைவெளியைக் காட்டிக் கஹால் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

என் மனக்குறை இதுதான். இணைப்பு என்றதும் குழாய் இணைப்பு, கம்பி இணைப்பு என்றுதான் மனம் ஓடுகிறது. இடைவெளி காணாமல் போகிறது. சரி, 'பற்றுதல்' என்பதை அப்படியே தமிழாக்கி 'நரம்புப் பிடிப்பு' என்றால் தைலம் தேய்க்கச் சொல்வார்கள். நிலைமொழியும் வருமொழியும் தனித்தனியாக நின்றே கூடும் 'புணர்ச்சி' கச்சிதம், ஆனால் இன்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள். மிச்சம் 'சந்தி'. வடசொல்தான், மறுக்கவில்லை. ஆனால் தெருச்சந்தியில் நான்கு தெருக்கள் கூடினாலும் எந்தத் தெருவும் தன் பெயரை இழப்பதில்லை.

வெராலின் சோதனையில் இது தேறுமா, அதாவது இதிலிருந்து வேறு சொற்கள் நன்றாக வருமா? புலன் செய்திகளை மூளைப் புறணிக்கு அனுப்பும் நடுமூட்டான தலாமஸை, எலியினுடையதை, வைத்துப் பார்க்கிறேன். (தலாமஸும் கிரேக்கம்தான்: வீட்டின் உள்ளறை, குறிப்பாக மணமக்களின் படுக்கையறை.) எலி மீசையால் உலகைத் தடவிப் பார்க்கும் பிராணி. அதன் தலாமஸில் ஒவ்வொரு மீசை முடிக்கும் தனிச் செல்கொத்து உண்டு. சுண்டெலியில் 1976இல் வான் டெர் லூஸ் காட்டியது. மூளைத்தண்டிலிருந்து மீசைச் செய்தி கொண்டுவரும் இழையின் நுனி பருத்தது. தலாமஸ் செல்லின் உடலுக்குப் பக்கத்திலேயே, செய்தி வாங்கும் கிளையின் அடியில் உட்காரும். இது பெருஞ்சந்தி. எண்ணிக்கையில் குறைவு, சொல்வது மட்டும் எடுபடும். மூளையின் மேலுறையான புறணியின் ஆறாம் அடுக்கிலிருந்து வருபவை சிறுசந்திகள். கிளைகளின் கோடியில் ஏராளமாக மொய்த்திருக்கும். 1998இல் ஷெர்மனும் கில்லரியும் முதல் வகைக்கு 'டிரைவர்', இரண்டாம் வகைக்கு 'மாடுலேட்டர்' என்று பெயர் வைத்தார்கள். நமக்கென்ன, ஓட்டுநர், நடத்துநர்! வண்டியை ஓட்டுவது அவர். எங்கே வேகம், எங்கே நிதானம் என்று விசில் கொடுப்பது இவர்.

அடுத்த செல்லை அடக்கிவைக்கும் தடுப்புச் சந்திகள் வேறு கதை. பூனை, குரங்குத் தலாமஸ்களில் உள்ளூர்த் தடுப்புச் செல்கள் நிறைய; எலியில் பார்வைப் பகுதியைத் தாண்டினால் அவை மிக அரிது. மீசைப் பகுதிக்குத் தடுப்பு பெரும்பாலும் தலாமஸைப் போர்த்தியிருக்கும் வலைக்கரு என்னும் மெல்லிய செல் அடுக்கிலிருந்துதான் வருகிறது.

அப்புறம் அந்தப் பார்வைப் பகுதியில் ஒன்று உண்டு. விழித்திரை இழையின் பெருநுனியைச் சுற்றிப் பல சந்திகள் திரண்டு, கிளியா என்னும் துணைச் செல்களின் உறைக்குள் கிடக்கும். அதற்குக் கிளாமெருலஸ் என்று பெயர். லத்தீனில் சின்ன நூலுருண்டை. சிறுநீரகத்தில் இருப்பதும் கிளாமெருலஸ்தான் என்பதால் குழப்பம். நான் 'சந்தித்திரள்' என்று எழுதுகிறேன். சந்தியும் திரளும் கூடும் இடத்தில் ஒரு 'த்' தோன்றியிருக்கிறது பாருங்கள்.