தேவ சித்தம் தேடுவதும் தீர விசாரிப்பதும்

வேலூரில் குடும்ப நல ஆலோசகராகப் பணிபுரிவதால், கிறிஸ்தவக் குடும்பங்கள் பெரிய முடிவுகளுக்கு முன் தேவ சித்தத்தை, அதாவது கடவுளின் விருப்பத்தை, எப்படித் தேடுகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்க்கிறேன். அறுவை சிகிச்சைக்குச் சம்மதிப்பதா, வந்திருக்கும் வரனுக்குச் சரி சொல்வதா, வீட்டை அடமானம் வைத்து ஆம்பூரில் ஷூ தைக்கும் ஜாப் ஒர்க் தொடங்குவதா என்று தவிக்கிறவர்கள் முதலில் முழங்காலில் நிற்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் ஜெபித்த பிறகு விசாரிப்பது அவிசுவாசம் என்ற எண்ணம் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. அது உண்டாக்கும் சேதத்தையும் பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

குடியாத்தம் பக்கத்து அம்மா ஒருவர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) மார்பில் கட்டி தட்டுப்பட்ட அன்று, கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைத்த இடத்தில் ‘பயப்படாதே’ என்றிருந்ததால் மருத்துவரிடம் போகவில்லை. புத்தாண்டு ஆராதனையில் அவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையும் (வேத வசனம் அச்சிட்ட அட்டை) சுகத்தைப் பற்றியே பேசியது. என்னிடம் வந்தபோது, பயாப்ஸி ரிப்போர்ட் இருந்த அதே பிளாஸ்டிக் கவரில் அந்த அட்டையும் இருந்தது. கை பட்டுப் பட்டு அதன் ஓரங்கள் கறுத்திருந்தன. தள்ளிப்போன மாதங்களில் நோய் அக்குள் வரை பரவிவிட்டது. அவருடைய விசுவாசத்தில் நான் குறை காணவில்லை. அந்த வசனம் மருத்துவமனைக்குப் புறப்படுகிறவருக்கும் பொருந்தும் என்று அவருக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லையே என்பதுதான் என் வேதனை.

ஏசாயா 38-ஆம் அதிகாரத்தில் எசேக்கியா ராஜா மரணத் தறுவாயில் அழுது ஜெபிக்கிறார். ஆயுசில் 15 வருஷம் கூட்டப்படும் என்று ஏசாயா தீர்க்கதரிசியின் வாயிலாகவே வாக்கு வருகிறது. அத்தனை தெளிவான வாக்கு கிடைத்த பின்னும், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப் போடும்படி அதே ஏசாயாதான் சொல்கிறார். அப்போஸ்தலர் 15-இல், புறஜாதியாரை (யூதரல்லாதவரை)க் குறித்த சிக்கலை எருசலேம் சபை சீட்டுப் போட்டுத் தீர்க்கவில்லை; பேதுருவும் பவுலும் பர்னபாவும் நடந்ததைச் சொல்ல, யாக்கோபு வேதவாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, வெகுவாய்த் தர்க்கித்த பிறகே அந்த முடிவு பரிசுத்த ஆவிக்கும் தங்களுக்கும் நலமாகக் கண்டது என்று எழுதுகிறார்கள்.

நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷனரியாக விருப்பமில்லாமல் இருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்து, ஆண் மருத்துவர் கூடாது என்று திரும்பிப் போக, மூன்று பெண்களும் இறந்ததை அவர் தேவ அழைப்பாக எடுத்துக்கொண்டார். அழைப்பு ஒரே இரவில் வந்தாலும் அவர் மறுநாளே வைத்தியம் பார்க்கக் கிளம்பிவிடவில்லை; அமெரிக்காவில் மருத்துவம் படித்து, 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல்தான் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு பணியைத் தொடங்கினார். இன்றைய சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) அதிலிருந்து வளர்ந்ததுதான்.

திருமண விஷயத்தில் ஆபத்து இன்னும் நுட்பமானது. திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதே, தடை ஏதும் உண்டா என்று சபையாரைக் கேட்பதற்காகத்தான். ஆனால் ‘ஊழியக்காரர் தரிசனம் கண்டு சொல்லிவிட்டார்’ என்றதும் மாப்பிள்ளையின் வேலை, கடன், குடிப்பழக்கம் எதையும் விசாரிக்காமல் மண்டபம் பிடித்துவிடுகிறார்கள். அதைவிடக் கொடியது, கர்த்தரே சொல்லிவிட்டார் என்ற பேச்சுக்கு முன்னால் அந்தப் பெண்ணால் ‘எனக்கு இஷ்டமில்லை’ என்று வாய் திறக்க முடியாமல் போவது. ஆதியாகமம் 24-இல் ஈசாக்குக்குப் பெண் தேடிப் போன ஆபிரகாமின் ஊழியக்காரன் கேட்ட அடையாளம் கிணற்றடியிலேயே அப்படியே நிறைவேறிவிட்டது; ஆனாலும் வீட்டார் ரெபெக்காளை அழைத்து, இந்த மனிதனோடு போகிறாயா என்று அவளிடமே கேட்டார்கள்.

நோயில் முடிவெடுக்க வேண்டியவர்கள், ‘இந்தச் சிகிச்சையை எத்தனை நாள் வரை ஆபத்தில்லாமல் தள்ளிப்போடலாம்?’ என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்; உபவாச ஜெபத்தை அந்த நாட்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்குகிறவர்கள், கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசுவே கேட்டதை நினைத்து, மாதத் தவணையை ஆர்டர் இல்லாத மாதத்துக்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஒருவர் உங்களுக்கு வாக்குச் சொல்லி, உடனே செய் என்று அவசரப்படுத்தினாலோ, வெளியே சொல்லாதே என்றாலோ, காணிக்கையோடு அதை முடிச்சுப் போட்டாலோ, சொன்னதை அப்படியே எழுதி உங்கள் ஆயரிடமும் உங்கள் நன்மையை நாடும் இன்னொரு பெரியவரிடமும் காட்டுங்கள். வரன் பற்றி என்னிடம் பேச வருகிற பெற்றோர் பெண்ணையும் அழைத்து வாருங்கள். முதல் அரை மணி நேரம் அவளோடு தனியாகப் பேசிவிட்டுத்தான் உங்களைக் கூப்பிடுவேன்.