பம்பில் எழுதியிருக்கும் எண்

"போன தடவை 200 எழுதினீங்க, இப்ப 125 போட்டிருக்கீங்க. டோஸைக் குறைச்சிட்டீங்களா டாக்டர்?" ஆஸ்துமாவுக்கு ஒரு ஸ்டீராய்டு பம்பை மாற்றி இன்னொன்றை எழுதும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும். பதில்: குறைக்கவில்லை, மருந்துதான் வேறு.

பியூடெசொனைடு என்ற ஸ்டீராய்டுப் பொடியை ஒரு நாளைக்கு மொத்தம் 200 முதல் 400 மைக்ரோகிராம் வரை எடுத்தால், பெரியவர்களுக்கு அது குறைந்த அளவு. புளூட்டிகசோன் புரோப்பியோனேட்டில் அதே நிலை 100 முதல் 250. சிக்லெசொனைடில் 80 முதல் 160 போதும். பெக்லோமெத்தசோனில் துகளின் அளவையும் பார்க்க வேண்டும். மிக நுண்ணிய துகளாக வரும் பம்பில் பாதி அளவே அதே வேலையைச் செய்துவிடும். அதனால் எண்ணை மட்டும் பார்த்து "அதே மாதிரிதான்" என்று கடையில் மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, இவற்றில் எது சிறந்தது? சமமான அளவில் கொடுத்தால் இழுப்பைக் கட்டுப்படுத்துவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் மற்ற இடங்களில் இருக்கிறது. சிக்லெசொனைடு நுரையீரலுக்குள் போன பிறகுதான் செயல்படும் மருந்தாக மாறுகிறது. அதனால் வாயில் வெள்ளை படிவதும் குரல் கம்முவதும் குறைவு. கர்ப்பிணிகளிடம் அதிகம் ஆராயப்பட்டது பியூடெசொனைடு. ஆனால் வேறு மருந்தில் நன்றாக இருக்கும் கர்ப்பிணி பயந்துபோய் நிறுத்திவிடக் கூடாது. மூச்சுத்திணறல்தான் குழந்தைக்கு ஆபத்து.

நான் மருந்தின் பெயரைவிட அதிகம் கவனிப்பது, அதை எப்படி இழுக்கிறார்கள் என்பதை. பம்பைக் கொண்டுவரச் சொல்லி, என் முன்னாலேயே எடுக்கச் சொல்வேன். ஸ்பிரே பம்பை அழுத்தியதும் பலருக்கு வாயோரத்தில் வெண்புகை வெளியே வரும். அது நுரையீரலுக்குப் போகாத மருந்து. ஸ்பிரேயை மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். ஸ்பேசர், அதாவது பம்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் குழாய், வைத்தால் இன்னும் சுலபம். கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் பொடி மருந்து இதற்கு நேர் எதிர், வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். இரண்டிலும் இழுத்ததும் சுமார் 10 விநாடி மூச்சை அடக்குங்கள். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். மருந்தை மாற்றும்போது கருவியும் மாறிவிடுவதால், பழைய பழக்கத்திலேயே இழுத்துவிட்டு "புது மருந்து சரியில்லை" என்று வருபவர்கள் நிறைய.

ஸ்டீராய்டு என்றதும் பெற்றோர் பயப்படுவது எனக்குப் புரிகிறது. பியூடெசொனைடைச் சில ஆண்டுகள் தினமும் எடுத்த பிள்ளைகளை வளர்ந்த பிறகு அளந்து பார்த்ததில், உயரம் சராசரியாக ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்திருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பம்பில் போவது மைக்ரோகிராம் கணக்கு. இழுப்பு முற்றி ஸ்டீராய்டு மாத்திரைக்குப் போனால் அது மில்லிகிராம் கணக்கு: 40 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் என்பது 40,000 மைக்ரோகிராம், அதுவும் உடம்பு முழுக்கப் பரவுவது. பம்பை நிறுத்திவிட்டு, இளைப்பு வரும்போதெல்லாம் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடுபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு பதறுகிறது.

அப்புறம், சால்பியூட்டமால் பம்ப் மட்டும் வைத்துச் சமாளிப்பவர்களுக்கு: அது மூச்சுக்குழாயை விரிக்கும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. பெரியவர்களுக்கு அதை மட்டுமே நம்பும் முறையை ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019-லேயே கைவிட்டுவிட்டது. பியூடெசொனைடும், மூச்சுக்குழாயை வேகமாக விரிக்கும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த பம்பைத் தினசரி மருந்தாகவும், இழுப்பு வரும்போதும் பயன்படுத்தலாம். சால்மெட்டெரால் கலந்த பம்புக்கு அந்த வேகம் கிடையாது. அவசரத்துக்கு அதை எடுக்கக் கூடாது.

இரண்டு மூன்று மாதம் இரவு இருமல் இல்லாமல், மாடிப்படி ஏறும்போது இளைக்காமல் இருந்தால் அளவைக் குறைப்பதைப் பற்றிப் பேசலாம். அதற்கு வரும்போதும் பம்பைக் கையோடு எடுத்து வாருங்கள்.