ஆறினால் ஓடும் கார்

பழைய கார்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு. முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடும், பிறகு நடுரோட்டில் அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. கொஞ்ச நேரம் மரத்தடியில் நிறுத்திவிட்டுத் திருப்பினால் எதுவுமே நடக்காததுபோல் கிளம்பும். மெக்கானிக்கிடம் விட்டால் அவர் கண்முன்னால் நாள் முழுக்க ஓடும். அவரும் பிளக்கைத் துடைத்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரைக் கழுவி அனுப்பிவைப்பார். அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை.

வண்டி நின்றதைவிட, அது தானாகச் சரியானதுதான் இங்கே பெரிய தடயம். உடைந்த பாகம் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. அப்படியானால் காத்திருந்த அந்தப் பதினைந்து நிமிடத்தில் வண்டிக்குள் ஏதோ மாறியிருக்க வேண்டும். அம்பாசடர், பிரிமியர் பத்மினி, 1983 கடைசியில் வந்த மாருதி 800 போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் அப்படி மாறக்கூடியவை அதிகமில்லை. பிளக்கின் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில், சூடேறியிருந்தால் ஆறும். குழாயில் ஆவியாகிப்போன பெட்ரோல் திரும்பத் திரவமாகும். டேங்குக்குள் காற்று கசிந்து புகும். உறிஞ்சு குழாயின் வாயை அடைத்திருந்த குப்பை உதிர்ந்து அடியில் படியும். நான்குமே வெளியே ஒரே மாதிரிதான் தெரியும்.

அதனால்தான் அனுபவசாலிகள் "எப்படி நின்றது?" என்று கேட்பார்கள். சுவிட்சைத் தட்டியதுபோல் சட்டென்று நின்றதா, இழுத்து இழுத்து மூச்சு வாங்கி நின்றதா? கார்புரேட்டரின் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் தேங்கியிருக்கும். வரத்து நின்றாலும் அது தீரும்வரை எஞ்சின் திணறிக்கொண்டே ஓடும். கரண்ட் போனாலோ எல்லா சிலிண்டரும் ஒரே நொடியில் அணையும். இது நூற்றுக்கு நூறு சரியான விதியல்ல, பலவீனமான காயில் அணையும் முன் மிஸ்ஸிங், அதாவது இடையிடையே பொறி தவறுவது, காட்டுவதுண்டு. ஆனாலும் சந்தேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொடுக்கும்.

சட்டென்று நின்றால் நான் முதலில் காயிலைத்தான் சந்தேகிப்பேன். காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சிறு தொடுமுனைதான் பாயிண்ட். அது மூடியிருக்கும்போது பேட்டரியின் 12 வோல்ட், காயிலின் முதல்நிலைச் சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. அந்தச் சுருளின் மின்தடை சுமார் 3 ஓம், அதாவது ஏறக்குறைய 4 ஆம்பியர். பாயிண்ட் திறந்ததும் மின்னோட்டம் அறுந்து காந்தப்புலம் சரிகிறது. ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் 20,000 வோல்ட் அளவுக்கு அழுத்தம் எழும்பி பிளக்கில் பொறியாகிறது. இந்த இரண்டாம் சுருளின் கம்பி மிக மெல்லியது. அதில் மயிரிழை விரிசல் இருந்தால், சூட்டில் எல்லாம் விரியும்போது முனைகள் பிரியும், ஆறியதும் தொட்டுக்கொள்ளும். அல்லது சூட்டில் காப்புப்பூச்சு தளர்ந்து, பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் உள்ளேயே கசிந்துவிடும்.

ஆகவே ஆறிய காயிலில் மீட்டர் வைத்துப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்பதில் அர்த்தமில்லை. சுடச்சுட இருக்கும்போதே சோதிக்க வேண்டும். அப்போதும் ஒரு எச்சரிக்கை: செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் கூடும். 30 டிகிரியில் 3 ஓம் காட்டிய சுருள் 100 டிகிரியில் 3.8 ஓம் காட்டுவது இயல்பே, கோளாறு அல்ல.

காயிலை மாற்றியும் சூடேறுகிறதா? தவறான காயில் மாட்டியிருக்கலாம். சில வண்டிகளில் காயிலுக்கு முன்னால் பேலஸ்ட் என்ற தனி மின்தடை உண்டு, அவற்றின் காயில் 1.5 ஓம்தான். பேலஸ்ட் இல்லாத வண்டியில் அதை மாட்டினால் மின்னோட்டமும் சூடும் ஏறக்குறைய இரட்டிக்கும், பாயிண்டும் கருகும்.

மூச்சு வாங்கி நின்றால் பெட்ரோல் பக்கம் போகலாம். முதலில் செலவே இல்லாத சோதனை: நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் இறங்காது, காற்று புக எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை வேண்டும். டேங்குக்கும் அப்படித்தான். காற்றுத்துளை தூசியால் அடைத்தால் உள்ளே வெற்றிடம் கூடி, பம்ப் தோற்றுவிடும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளிழுக்கும் சத்தம் கேட்டு, வண்டியும் உடனே பிடித்தால் ஆள் அகப்பட்டான்.

அடுத்தது, மெக்கானிக்குகள் ஏர்லாக் என்று சொல்வது. பெட்ரோல் ஒற்றைத் திரவமல்ல. அதன் இலேசான பகுதி 35 டிகிரி வாக்கிலேயே கொதிக்கத் தொடங்கும், கனமானவை 200 டிகிரிவரை தாங்கும். பழைய வண்டிகளின் பம்ப் சூடான எஞ்சின் மேலேயே உட்கார்ந்து, தூரத்து டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். பம்புக்குள் ஆவி நிறைந்தால் அது வெறும் ஆவியையே பிசைந்துகொண்டிருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறும்போது இது இன்னும் எளிது: எஞ்சினுக்கு உழைப்பு அதிகம், வேகம் குறைவு, சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமும் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கே. பம்பின் மேல் ஈரத்துணி போடும் பழைய டிரைவர்களின் வழக்கத்தில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை, அது ஆவியைத் திரும்பத் திரவமாக்குகிறது.

எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தச் சிக்கலைக் கூட்டியிருக்கிறது. தனி எத்தனால் 78 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனால் பெட்ரோலில் 10 சதவீதம் அளவில் கலக்கும்போது கலவையின் ஆவியழுத்தம் தனி பெட்ரோலைவிட உயர்கிறது. 20 சதவீதத்தில் உச்சத்திலிருந்து சற்று இறங்கினாலும் தனி பெட்ரோலைவிட அதிகம்தான். அதோடு எத்தனால் டேங்கில் படிந்த பிசினைக் கரைத்துக் கிளப்பிவிடும், அதற்கெனச் செய்யப்படாத பழைய ரப்பர் ஹோஸ்களையும் கெடுக்கும். உறிஞ்சும் பக்கத்து ஹோஸில் வெடிப்பு விட்டால் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட வெளியே ஒழுகாமல் காற்று உள்ளே புகும். இதைக் கண்ணால் தேடிப் பிடிப்பது கடினம். வயதான ஹோஸை மாற்றிவிடுவதே சிக்கனம்.

எந்தச் சந்தேகமானாலும், வண்டி செத்துக் கிடக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் சோதனைக்கு உகந்தவை. டூல் பையில் ஒரு உபரி பிளக் இருக்கட்டும். அதை ஒயரில் மாட்டி எஞ்சின் உலோகத்தில் நன்றாகத் தொடவைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னால் கரண்ட் வருகிறதா என்று தெரிந்துவிடும். பக்கத்தில் பெட்ரோல் வாடை அடித்தால் மட்டும் செய்யாதீர்கள். பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஆக்சிலரேட்டரை இழுத்தபடி கார்புரேட்டர் வாய்க்குள் பாருங்கள். பெட்ரோல் பீய்ச்சினால் கிண்ணத்தில் சரக்கு இருக்கிறது.

சூட்டோடு சம்பந்தமே இல்லாத ஆசாமி ஒருவன் உண்டு: சாவி போடும் இக்னிஷன் சுவிட்ச். ஒரு குழியில் விழுந்தபோதோ முழங்கால் சாவிக்கொத்தில் பட்டபோதோ அணைந்தால் அவனைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 2014-இல் இதற்காகவே சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. சுவிட்சுக்குள் இருந்த பிடிப்பு பலவீனம். சாவி நழுவியதும் எஞ்சின் நின்றது, விபத்தில் ஏர்பேகும் விரியவில்லை. நிறுவனத்தின் இழப்பீட்டுத் திட்டம் 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. ஓடும்போதே எஞ்சின் அணைவதை அதன் பொறியாளர்கள் பாதுகாப்புப் பிரச்சினையாகவே கருதாமல், வாடிக்கையாளரின் வசதி சார்ந்த குறை என்று பட்டியலிட்டிருந்தார்கள். 2006-இல் சுவிட்சைத் திருத்தியபோது பாகத்தின் எண்ணை மாற்றாமல் விட்டார்கள். பழையதும் புதியதும் காகிதத்தில் ஒன்றாகவே இருந்ததால், பிந்தைய மாடல்களில் மட்டும் ஏன் கோளாறு குறைகிறது என்பது பல ஆண்டுகள் விளங்கவில்லை. கடைசியில் இரண்டு சுவிட்சுகளையும் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்தபோதுதான், உள்ளிருந்த சிறு உலோக முளையின் நீளம் வேறு என்று தெரிந்தது.