அக்சஸ் மாடிஃபையர்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஜாவா என்ற நிரல்மொழியில் ஒரு மாறியையோ (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) மெத்தடையோ (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) எழுதும்போது முன்னால் பப்ளிக், பிரைவேட், புரொடெக்டட் என்று ஒன்றைப் போடுகிறோமே, அதுதான் அக்சஸ் மாடிஃபையர். அந்த மாறியை அல்லது மெத்தடை நிரலின் எந்தப் பகுதி தொடலாம், எது தொடக்கூடாது என்று கம்பைலருக்கு, அதாவது நிரலைச் சரிபார்த்து மொழிமாற்றும் மென்பொருளுக்குச் சொல்கிற சொல். சி பிளஸ் பிளஸ்காரர்கள் இதையே அக்சஸ் ஸ்பெசிஃபையர் என்பார்கள்.

வங்கிக் கணக்குக்கு ஒரு கிளாஸ் (மாறிகளையும் அவற்றைக் கையாளும் மெத்தட்களையும் சேர்த்த வார்ப்புரு) எழுதுகிறோம், அதில் 'இருப்பு' என்ற மாறி பப்ளிக்காக இருக்கிறது என்றால் நிரலின் எந்த மூலையிலிருந்தும் யாராவது இருப்பு = -500 என்று எழுதிவிடலாம், கம்பைலர் வாயே திறக்காது. அதை பிரைவேட் ஆக்கி, பணம் எடுக்க ஒரு மெத்தட் வைத்து, போதுமான இருப்பு இருக்கிறதா என்று அதற்குள்ளேயே பார்த்துவிட்டால், அப்புறம் கணக்கு உதைக்கும்போது தேட வேண்டியது அந்த ஒரு கிளாஸை மட்டும்தான். ஆனால் பிரைவேட் போட்ட கையோடு, எந்தச் சோதனையும் இல்லாமல் மாறிக்கு மதிப்பு கொடுக்கும் 'செட்டர்' மெத்தட் ஒன்றையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவைப்பவர்கள் உண்டு. அது பப்ளிக்கேதான், கொஞ்சம் சுற்றுவழி, அவ்வளவே.

கிளாஸ் என்ற கருத்தைக் கொண்டுவந்த சிமுலா 67 மொழியில் முதலில் இந்த மறைப்பு கிடையாது, பின்னால்தான் சேர்த்தார்கள். புரொடெக்டட் (அந்த கிளாஸிலிருந்து கிளைத்த வாரிசு கிளாஸ்களும் தொடலாம் என்பது) வந்த கதை இன்னும் சுவாரசியம். மார்க் லிண்டன் என்பவர் தன்னுடைய இன்டர்வியூஸ் என்ற நிரல் நூலகத்துக்கு வேண்டும் என்று, சி பிளஸ் பிளஸை உருவாக்கிய ஸ்ட்ரூஸ்ட்ரப்பிடம் வற்புறுத்திக் கேட்டு வாங்கியது அது. ஐந்தாண்டுகள் போல கழித்து, பிழைகள் அதிலிருந்தே கிளம்புகின்றன என்று அதே நூலகத்தில் புரொடெக்டட் மாறிகளுக்குத் தடை போட்டவரும் அவரேதான்!

சரி, தமிழுக்கு வருவோம். 'அணுகல் மாற்றி' என்று எழுதினால், மாற்றி என்றதுமே ஒன்றை இன்னொன்றாக மாற்றும் கருவிதான் நினைவுக்கு வருகிறது. இங்கே எதுவும் அப்படி மாறுவதில்லை. மாடிஃபையர் என்பதே இலக்கணத்திலிருந்து வந்த சொல், நம் இலக்கணத்தில் அந்த வேலையைச் செய்வதற்குப் பெயரடை, வினையடை என்று பெயர் இருக்கிறதே. ஆகவே என் தேர்வு 'அணுகல் அடை'.

பப்ளிக்குக்குப் 'பொது' கச்சிதம். பிரைவேட்டுக்குத் 'தனிப்பட்ட' என்பதைவிட 'அக' பொருத்தம், ஏனென்றால் ஜாவாவிலும் சி பிளஸ் பிளஸிலும் வேலி கிளாஸுக்குத்தானே தவிர அதிலிருந்து உருவாகும் ஒவ்வொரு பொருளுக்கும் (ஆப்ஜெக்ட்) தனித்தனியாக இல்லை: இரண்டு கணக்குகளை ஒப்பிடும் மெத்தட் கணக்கு கிளாஸுக்குள் இருந்தால், அடுத்த கணக்கின் இருப்பை அது நேராகவே படிக்கும். புரொடெக்டட்டுக்குக் 'காக்கப்பட்ட' என்றால் ஏதோ கடவுச்சொல் போட்டுப் பூட்டியதுபோல் ஒலிக்கிறது. வாரிசு கிளாஸ்கள் தொடலாம் என்பதுதான் விஷயம் என்பதால் 'மரபுரிமை' என்பேன், ஜாவாவில் அதே பேக்கேஜில் (கிளாஸ்களின் தொகுப்பு) இருப்பவையும் தொடலாம் என்ற இடறல் இருந்தாலும். முன்னால் எதுவுமே எழுதாமல் விட்டால் ஜாவாவில் அந்த பேக்கேஜுக்குள் மட்டும் தெரியும், இதை 'அடையிலி' என்று சொல்லிக்கொள்ளலாம்.